கந்தையும் காந்தாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்னிசைக்கும் நாடகத்துக்கும் இடையே ஊசியையும் நூலையும் பற்றிப் பேச எங்களுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவினர்க்கு முதற்கண் நன்றி செலுத்துகிறோம். சனிக்கிழமைதோறும் பிற்பகலில் சங்கக் கூடத்தின் பின்னறையில் பாய் விரித்து அமர்ந்து தைத்துவரும் அனைவரின் சார்பிலும் பேசுகிறோம். ஆகவே, இவ்வுரையில் வரும் ‘நாங்கள்’ என்பது மேடைப் பேச்சின் மரபுக்காக வந்த சொல்லன்று. உண்மையாகவே பலர் கூடி எண்ணிச் சொல்லும் சொற்களே இவை.

இந்தக் கொல்கத்தா நகருக்கு வந்து குடியேறிய நாம், வங்க மக்களிடமிருந்து பலவற்றைக் கற்றிருக்கிறோம். கடுகெண்ணெயின் மணம் நமக்குப் பழகிவிட்டது. துர்க்கா பூசைக் காலத்தில் நம் பிள்ளைகள் பந்தல் பந்தலாகச் சுற்றிவருகிறார்கள். ஆனால் அவர்களுடைய வீடுகளில் பாட்டிமார் மடியில் வைத்துத் தைக்கும் ‘காந்தா’ என்னும் கைவேலையை நம்மில் பலர் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் மட்டுமே கண்டிருக்கிறோம். அதைக் கற்கத் தொடங்கிய பிறகுதான், அது நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கிற்று.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வங்கத்தார் ‘காந்தா’ என்பதும் நாம் ‘கந்தை’ என்பதும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். கிழிந்த துணி, ஒட்டுப்போட்ட ஆடை என்பதே அதன் பொருள். அச்சொல் நம்மிடம் வந்து, கசக்கிக் கட்டவேண்டிய பழந்துணியாகவே நின்றுவிட்டது. வங்கத்திலோ, பழந்துணியை அடுக்கித் தைத்த போர்வைக்கும், பின்னர் அந்தத் தையல் முறைக்குமே பெயராயிற்று. பழம்புடவையின் அருமையை அறியாதவர்களா நாம்? தூளி கட்டுவதற்கும், பிறந்த குழந்தைக்கு விரிப்பதற்கும் புதுத்துணியை நாம் நாடுவதில்லை. பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையேறிய பாட்டியின் நூற்புடவையைத்தான் தேடுகிறோம். எஞ்சியவற்றைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொள்கிறோம். வங்கத்துப் பெண்களோ அங்கேயும் நிற்காமல், அந்தப் பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியால் அவற்றுக்கு இரண்டாம் பிறவி கொடுத்தார்கள்.

அது செய்யப்படும் முறையைச் சிறிது கூறுவோம். மூன்று அல்லது நான்கு பழைய புடவைகளையோ வேட்டிகளையோ தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் நீண்ட தையல்களால் ஒன்றாகப் பிணைத்துக்கொள்வார்கள். நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் நடுவை நோக்கிச் சாய்ந்த மாங்காய் வடிவமோ மரமோ, இடைவெளிகளில் யானை, மீன், ஓடம், தேர், சீப்பு, பாக்குவெட்டி என்று வீட்டிலும் தெருவிலும் கண்டவையெல்லாம் இடம்பெறும். உருவங்களைத் தைத்த பின்னர், எஞ்சிய வெற்றிடம் முழுவதையும் வெள்ளை நூலால் சிறுசிறு ஓட்டுத் தையலிட்டு நிரப்புவார்கள். அந்தத் தையல் வரிசைகள் துணியை இலேசாகச் சுருக்குவதால், அசையும் நீர்ப்பரப்பைப் போன்ற சிற்றலைகள் துணியில் எழும். பழங்காலத்தில் இதற்கு வேண்டிய வண்ண நூலையும் கடையில் வாங்கியதில்லை. பழம்புடவையின் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமாக உருவி எடுத்தார்கள். குளிர்காலத்துக்குரிய கனத்த போர்வை ‘லேப்’ எனப்பட்டது, விரிப்பு ‘சுஜனி’, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் துணி ‘ஆர்சிலதா’.

விற்பனைக்கென்று அல்லாமல் மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் என்று தைக்கப்பட்ட இப்பொருள்கள், உடுத்தியும் போர்த்தியும் தேய்ந்து மறைந்துவிடும் இயல்பின. அவற்றைக் கலைப்பொருளாகக் கருதிச் சேகரித்தவர்களுள் முதன்மையானவர் குருசதய் தத். 1882இல் பிறந்து 1941இல் மறைந்த அவர், அரசாங்க உயர் அதிகாரியாக வங்க மாவட்டங்களில் பணியாற்றிய காலத்தில் சிற்றூர்களிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டே ஜோக்காவில் அவர் பெயரால் அருங்காட்சியகம் அமைந்தது. மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்கென்று தைத்த காந்தா அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது. அதில் உருவங்களோடு எழுத்துகளையும் நூலாலேயே பொறித்திருக்கிறார். 1929இல் வெளிவந்த ஜசீமுத்தீனின் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கவிதைக் கதையிலும், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கைக் கதையையே காந்தாவில் தைத்து வைக்கிறாள். ஏட்டில் எழுத வாய்ப்பில்லாத பெண்களுக்குத் துணியே ஏடாக இருந்ததென்றால் அது மிகையாகாது.

இனி, எங்கள் கல்வியைப் பற்றி. எங்களுள் பலர் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல், இறகுத் தையல், முடிச்சுத் தையல் ஆகியவற்றைக் கற்றவர்களே. ஆகையால், ‘காந்தாவுக்கு ஓட்டுத் தையல்தானே, இதில் கற்க என்ன இருக்கிறது?’ என்று சிலர் எண்ணியதுண்டு. பக்கத்து வீட்டு வங்கத்து மாஷிமா ஒருவர் வந்து அமர்ந்து ஒரு வரிசை தைத்துக் காட்டியதும் அந்த எண்ணம் அகன்றது. ஊசி ஒவ்வொரு முறையும் எல்லா அடுக்குகளையும் துளைத்து மீளவேண்டும். மேலே தெரியும் தையலும் இடைவெளியும் சீராக இருக்கவேண்டும். அடுத்த வரிசையின் தையல் முந்தைய வரிசையின் தையலுக்கு நேராக அமைந்தால் ஒரு கோலம், இடைவெளிக்கு நேராக அமைந்தால் வேறொரு கோலம். நூலை மிக இழுத்தால் துணி கூம்பிவிடும். தளர விட்டால் வளையம் தொங்கும். அவர் கூறிய அறிவுரைகளில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதே என்பதாகும். நீண்ட நூல் வேலையை விரைவாக்கும் என்று தோன்றும். ஆனால் துணியினூடே பன்முறை சென்று வருவதால் நைந்துபோகும், சிக்கலும் விழும். வட்டச்சட்டமும் அவருக்கு வேண்டியதில்லை. மடியே சட்டம், இடக்கை விரல்களே அளவுகோல்.

பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடலாகாது என்று நாங்கள் விரும்பினோம். மார்கழி மாதத்தில் நம் வாயில்களில் இடும் சிக்குக் கோலத்தை அந்த மாஷிமாவும் அவர் தோழியரும் நின்று பார்ப்பது வழக்கம். புள்ளிகளைச் சுற்றிச் செல்லும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குப் பெரும் வியப்பு. அவர்களுக்கும் ‘ஆல்பனா’ என்னும் அரிசிமாவுக் கோலம் உண்டு. காந்தாவின் தாமரையும் ஆல்பனாவின் தாமரையும் ஒரே குடும்பத்தவை. ஆகவே அவர்கள் எங்களுக்கு ஓட்டுத் தையலையும், நாங்கள் அவர்களுக்குப் புள்ளிக் கணக்கையும் கற்பித்தோம். இப்போது அவர்கள் வீட்டுத் தலையணை உறைகளில் நம் சிக்குக் கோலம் நூலாக ஓடுகிறது.

கற்றது மறையாமலிருக்க ஒரு மாதிரித் துணி வைத்திருக்கிறோம். எவரேனும் புதிய தையல் ஒன்றைக் கற்றால், அதில் நான்கு விரல் அகலமுள்ள சதுரம் ஒன்றைத் தைக்கவேண்டும். அதன்கீழ்த் தையலின் பெயரைத் தமிழிலும் வங்கத்திலும், யாரிடம் கற்றோம் என்பதையும் பொறிக்கவேண்டும். இந்தக் கடைசி விதியை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆக்கியவர் பெயர் மறைந்த கைவேலைகளே நாட்டில் மிகுதி; நம் பின்னறையிலாவது அக்குறை வளரக்கூடாது.

அன்பர்களே, எங்களுக்குள் நடந்த ஒரு வாதத்தையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். இச்சபையின் கருத்தும் எங்களுக்குத் தேவை.

காந்தாவைப் பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் நாம். அதைக் கொண்டே அடுப்பெரிப்பவர்கள் வேறு. 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பெண்களில் பலர்க்கு ஊசியே பிழைப்புக்கு வழியாயிற்று. இன்றும் பீர்பூம் மாவட்டத்தில் போல்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டு வேலை முடிந்த பிற்பகலில், கூலிக்குப் பட்டுப்புடவைகளில் காந்தாத் தையல் இடும் பெண்கள் மிகப் பலர். ஒரு புடவையை நிறைத்துத் தைக்கப் பல மாதங்கள் ஆகும். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும் 2024இல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஶ்ரீ விருது கிடைத்தது. இவை மகிழத்தக்கவையே. எனினும் விருது சிலர்க்கே வரும். கூலி எல்லார்க்கும் வரவேண்டும்.

அப்படிக் கூலிக்குத் தைக்கும் ஒருவர் மாதம் இருமுறை புறநகர் இரயிலில் வந்து எங்களுக்குக் கற்பிக்கிறார். நாங்கள் அவரைத் ‘தீதி’ என்கிறோம். அவர் எங்களில் மூத்தவர்களை ‘மாஷிமா’ என்கிறார். அவருக்குப் பணம் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. ‘அன்பால் கற்பிப்பவர்க்குக் கூலி கொடுப்பது அவமதிப்பாகும், புடவையும் இனிப்பும் கொடுத்தால் போதும்’ என்றனர் சிலர். ‘பக்கத்து வீட்டு மாஷிமாவுக்கு அது பொருந்தும்; அவருக்கு ஓய்வு நேரம் உண்டு. தீதிக்கோ எங்களோடு இருக்கும் ஒவ்வொரு மணியும் இழந்த கூலி’ என்றனர் வேறு சிலர். முடிவில் இரண்டாம் கருத்தே நின்றது. தையலுக்குத் தையல் தருவது தோழமையில் பகிர்தல். தொழிலாளியிடம் கற்கும்போது உரிய கட்டணம் தருவதே மரியாதை. தீதியும் அதை மகிழ்வோடு ஏற்றார்.

அதிலிருந்தே அடுத்த கேள்வியும் பிறந்தது. விழாக்கடையில் நாங்கள் வைத்த கைக்குட்டைகளையும் மேசை விரிப்புகளையும் பார்த்தவர்கள், ‘நூலின் விலைக்குமேல் சிறிது வைத்து இன்னும் நிறைய விற்றால் சங்க நிதிக்கு ஆகுமே’ என்று நல்லெண்ணத்தோடு கூறுகிறார்கள். ஓய்வூதியமும் குடும்ப வருவாயும் உடைய நாம், நம் உழைப்புக்கு விலை வைக்காமல் விற்கலாம், நமக்கு நட்டமில்லை. ஆனால் அதே பொருளைக் கூலிக்குத் தைப்பவரிடம், ‘காலனியில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே’ என்று ஒருவர் பேரம் பேசினால் அவர் என்ன செய்வார்? ஆகவே நாங்கள் ஒரு விதி செய்துகொண்டோம். விற்பனைக்கு வைப்பதாயின், தீதி பெறும் கூலிக் கணக்கில் உழைப்புக்கும் சேர்த்தே விலை குறிப்போம். அவ்விலைக்கு விற்காதவற்றைப் பிறந்த குழந்தைகளுக்கும் மணமக்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்போம். இன்று வெளியே உள்ள கடையில் விலைச்சீட்டைக் கண்டு எவரேனும் புருவத்தை உயர்த்தியிருந்தால், காரணம் இதுவே.

வாங்குவோர்க்கும் ஒரு சொல். காந்தாவைப்போல் அச்சிட்ட துணியும் எந்திரத் தையலும் அங்காடியில் நிரம்பியுள்ளன. துணியைப் புரட்டிப் பாருங்கள். கையால் இட்ட ஓட்டுத் தையல் இருபுறமும் விட்டுவிட்டுச் செல்லும். சாதாரண எந்திரத் தையல் இடைவெளியின்றித் தொடர்கோடாக ஓடும். அச்சிட்டதில் நூலே இராது. கைத்தையலில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். அதைக் குறையென்று கருதவேண்டா.

இறுதியாக, குழந்தைகளைப் பற்றி ஒன்று. இந்நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுதுவது அரிதாகிவிட்டது. சென்ற கோடை விடுமுறையில் எங்களோடு அமர்ந்த சிறுவர் சிறுமியர்க்கு, அவரவர் பெயரைத் தமிழ் எழுத்துகளில் தைக்கக் கொடுத்தோம். வளைவு வரும் இடத்தில் தையல் சிறியதாக இருந்தால்தான் கோடு உடையாது. ‘ழ’கரத்தின் வளைவுகளை ஒரு பிற்பகல் முழுவதும் ஊசியால் தொடர்ந்த குழந்தை அதன் வடிவத்தை எளிதில் மறவாது. தாள் எழுத்தை விரைந்து கடக்கும் பிள்ளைகள், நூல் எழுத்தில் நிதானமாக நின்று பார்க்கிறார்கள். சிறுவர்களும் ஊசி பிடிக்கிறார்கள் என்பதை, இன்னும் வாயிற்படியிலேயே நின்று பார்க்கும் ஆடவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

வரும் ஆண்டில் சங்கக் கூடத்தின் சுவருக்கென்று பெரிய காந்தா ஒன்று தைக்க எண்ணியுள்ளோம். நடுவில் தாமரையும், நான்கு மூலைகளில் சிக்குக் கோலமும், சுற்றிலும் நம் குடும்பங்களின் சொந்த ஊர்ப் பெயர்களும் அமையும். ஒவ்வொரு பெயரையும் அந்தந்தக் குடும்பத்தாரே தைக்கவேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். தெரியாதவர்க்குக் கற்பிக்க நாங்கள் இருக்கிறோம். தீதியின் மேற்பார்வைக்கு உரிய கட்டணத்தை ஒதுக்கித் தருமாறு செயற்குழுவினரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

அதற்கு வேண்டிய துணி உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பழைய நூற்புடவை கொடுங்கள். பட்டு வேண்டா, பாலியெஸ்டர் ஆகாது, கஞ்சியைப் போகத் துவைத்துத் தாருங்கள். தாயின் புடவையோ பாட்டியின் புடவையோ ஆனால், உடுத்தியவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அப்பெயரையும் துணியின் பின்புறத்தில் பொறித்துவைப்போம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். பாத்திரக்காரர் வருவதற்கு முன்னே நீங்கள் வந்துசேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறோம்.

வணக்கம்.