தமக்குத் தாமே ஆசான்

கல்விக்கு ஆசான் இன்றியமையாதவர் என்பது நம் முன்னோர் கொள்கை. இசைக் கல்விக்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். எழுத்தை ஏட்டில் பார்த்துக் கற்கலாம். சுரத்தின் நெளிவையும் குழைவையும் ஏட்டில் எழுதிக் காட்டிவிட முடியாது. ஒருவர் பாட, மற்றவர் கேட்டு, திருப்பிப் பாடி, பிழை திருத்தப் பெற்று வளர்வதே நம் இசை மரபு. அதனாலேயே ஒரு வித்துவானைப் பற்றிப் பேச்சு எழுந்தால் "யாரிடம் சிட்சை?" என்பதே முதல் வினாவாக இருக்கும். அவ்வினாவுக்கு ஒரு குருவின் பெயரையும் விடையாகக் கூற இயலாத ஒருவர், வீணை வித்துவான்களின் முதல் வரிசையில் இடம்பெற்றார். அவர்தாம் வீணை எஸ். பாலச்சந்தர். அவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாணவ மாணவியரே, இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. காரைக்கால் இசைக்குப் புதிய மண் அன்று. தேவார மூவருக்கும் முற்பட்டவரான காரைக்கால் அம்மையார் இவ்வூரில் தோன்றியவர். அவர் அருளிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. அவற்றுள் ஒரு பாட்டில், சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் பல இசைக் கருவிகளையும் அவர் வரிசையாக அடுக்குகிறார். வீணையும் அவ்வரிசையில் உண்டு. இசை மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரும் நமக்குத் தொலைவில் இல்லை. இவ்வளவு இருந்தும், நகரை அடுத்த காரைக்கால்மேடு போன்ற மீனவச் சிற்றூரில் வளரும் ஒரு பிள்ளைக்கு இசையில் ஆசை பிறந்தால், "சொல்லிக் கொடுக்க ஆள் ஏது?" என்ற கவலையும் உடன்பிறந்து விடுகிறது. பல பிள்ளைகளின் ஆசை அந்தக் கவலையோடு முடிந்துபோனதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றிய நான் கண்டிருக்கிறேன். ஆசான் வாய்க்காத நிலையிலும் இசையைக் கற்க வழியுண்டா? உண்டென்றால், அவ்வழி எத்தகையது? பாலச்சந்தரின் வாழ்க்கை இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

அவர் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். இசையில் பெரும் பற்றுடையவர். தமையனார் எஸ். இராஜம் பிற்காலத்தில் சிறந்த பாடகராகவும் ஓவியராகவும் விளங்கியவர். பாபநாசம் சிவன் இராஜத்துக்கு இசை கற்பித்தார். தமையன் பாடம் கேட்ட வீட்டில் தம்பி விளையாடி வளர்ந்தார். சிறுவனுக்கென்று எவரும் தனியே பாடம் நடத்தவில்லை. ஐந்தாறு வயதில் அவர் கைக்குக் கஞ்சிரா வந்தது. தாமே தட்டிப் பழகிய அச்சிறுவர், தமையனாரின் பாட்டுக்கு மேடையில் கஞ்சிரா வாசிக்கலானார். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' என்னும் படத்தில் இராஜம் இராமராக நடித்தார். ஏழு வயதுப் பாலச்சந்தரும் அதில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார்.

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. ஆர்மோனியம், தபலா, மிருதங்கம், தில்ரூபா, ஷெனாய் எனக் கைக்கு எட்டிய கருவிகளையெல்லாம் எடுத்து வாசித்துப் பார்த்தார். இசைப் பயணமாகக் கராச்சி சென்றிருந்தபோது அவருக்கு ஒரு சிதார் கிடைத்தது. அதையும் தாமே பயின்று, வடநாட்டுக் கருவியாகிய அதில் நம் கருநாடக இசையை வாசித்தார். பதினைந்து வயதளவில் சென்னை வானொலி நிலையத்தில் நிலைய வித்துவானாக அமர்ந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். அக்காலத்திலேதான் அவர் உள்ளம் வீணையின்பால் திரும்பியது. இரண்டே ஆண்டுகளில் அதனை வசப்படுத்திக் கொண்டார் என்பர்.

இவ்வரலாற்றை மேலோட்டமாகக் கேட்பவர்கள், "இது பிறவிமேதை, நமக்கு இதில் பாடம் இல்லை" என்று சொல்லிவிடக் கூடும். மேதை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் ஆசிரியனுடைய கண்ணால் பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் புலப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகப் போதிக்கப்பட்ட விதிகள் சில உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பன அவை. பாலச்சந்தர் கருவிகளை எடுத்துக்கொண்ட வரிசையைப் பாருங்கள். முதலில் கஞ்சிரா. அதில் அவர் பெற்றது தாளம். கணக்கு கைக்குள் வந்து அமர்ந்துவிட்டது. அடுத்து ஆர்மோனியம். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் கட்டை. சுரத்தானங்கள் ஐயமறத் தெளிவாகும். பிறகு சிதார். அதில் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரங்களைக் குழைக்கும் பழக்கம் விரலுக்கு வந்தது. இவையெல்லாம் கூடிய பின்னரே வீணை. திறமையான ஆசிரியர் ஒருவர் திட்டமிட்டுப் பாடத்தை வகுத்திருந்தாலும் இதனினும் சிறந்த வரிசையை அமைத்திருப்பாரா என்பது ஐயமே. அறிந்து செய்தாரோ, ஆர்வம் இழுத்த வழியில் சென்றாரோ, படிக்கட்டு சரியாக அமைந்துவிட்டது.

வீணையில் அவர் செய்த புதுமையை அறிவியல் பயிலும் மாணவர்களும் உணரும் வண்ணம் சொல்கிறேன். நம் வீணைக்கு இருபத்து நான்கு மெட்டுகள், ஏழு தந்திகள். அவற்றுள் நான்கு வாசிப்பதற்கு. மூன்று சுருதிக்கும் தாளத்துக்கும் உரியவை. வலக்கை விரலால் தந்தியை மீட்டியவுடன் ஒலி பிறக்கிறது. பிறந்த கணம் முதல் தேயத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒருமுறை மீட்டினால் இசை துண்டு துண்டாகிவிடும். மனிதக் குரலோ அப்படியன்று. ஒரே மூச்சில் பல சுரங்களை இழைத்துக்கொண்டு செல்லும். குரலின் அந்தத் தொடர்ச்சியை வீணையில் கொண்டுவர வேண்டும் என்பதே பாலச்சந்தரின் வேட்கை. அதற்கு அவர் கண்ட வழி, மீட்டுகளைக் குறைத்து இழுப்பைப் பெருக்குவது. ஒரு மெட்டின்மேல் தந்தியை அழுத்தி இழுக்கும்போது அதன் விறைப்பு ஏறுகிறது. விறைப்பு ஏற ஏறச் சுரமும் மேலேறுகிறது. இது பௌதிகப் பாடத்தில் நீங்கள் படிக்கும் உண்மைதான். ஒரே மீட்டில், ஒரே மெட்டில், ஒலி தேய்ந்து மறைவதற்குள் பல சுரங்களை இழைத்துக் காட்டினார் அவர். எவ்வளவு தொலைவு இழுத்தால் எந்தச் சுரம் பேசும் என்பதற்கு மெட்டில் அடையாளம் ஏதும் இல்லை, காதுதான் அளவுகோல். ஒரு மயிரிழை பிசகினாலும் அபசுரமாகிவிடும். தந்தி உராய்ந்து விரல்நுனி காய்த்துப் போகும் அளவுக்குச் சாதகம் செய்தவர்களுக்கே இது கைகூடும்.

இத்தகைய வாசிப்பை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை எனின், பிழை எது, சரி எது என்று எப்படி அறிந்தார்? பிறர் பாடக் கேட்டுக் கேட்டு, இராகத்தின் செவ்விய வடிவத்தை உள்ளத்தில் பதித்து வைத்திருந்தார். தம் வாசிப்பை அந்த வடிவத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒவ்வாதபோது மீண்டும் வாசித்தார். கேள்விக்குத் திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருள் இசைக் கலையில்தான் முழுமையாக விளங்குகிறது. கேளாதவன் கருவியை எத்தனை நாள் தட்டினாலும் இசை பிறவாது.

தமக்குத் தாமே தேர்வு வைத்துக்கொள்ளவும் அவர் தவறவில்லை. தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, பதினேழாம் நூற்றாண்டில் எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தார். அவற்றுள் நாற்பது, விவாதி மேளங்கள் எனப்படும். நெருங்கி மோதும் சுரங்களை உடையவை ஆதலின் பலரும் அவற்றை ஒதுக்கியே வந்தனர். பாலச்சந்தர் ஒன்றையும் விடாமல் எழுபத்திரண்டு மேள இராகங்களையும் வீணையில் வாசித்து ஒலிப்பதிவு செய்தார். எளிய வினாக்களை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோகும் மாணவர் அல்லர் அவர்.

திரைப்படத் துறையிலும் அவர் நடிகராகவும் இயக்குநராகவும் புகழ் பெற்றார். 1954இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டு வேண்டாத இடத்தில் பாட்டை வைக்காத துணிவு, இசையை நன்கறிந்த ஒருவருக்கே வந்தது என்பது எண்ணி மகிழத் தக்கது. எனினும் அவர் வாழ்நாள் முழுதும் கைவிடாமல் பற்றியிருந்தது வீணையைத்தான். அயல்நாடுகளிலும் வாசித்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் காலமானார்.

இவரைப் போலவே தாமாகப் பயின்ற மற்றொருவர், நம் காவிரிப் படுகையில் திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த புல்லாங்குழல் டி. ஆர். மகாலிங்கம். மாலி என்றால் இசையுலகம் முழுதும் அறியும். அவருடைய மாமா அவருக்குக் கற்பித்தது வாய்ப்பாட்டு. பிள்ளையோ குழலை எடுத்துத் தானே ஊதிப் பழகியது. அவரும் வாய்ப்பாட்டின் குழைவைக் குழலில் கொண்டுவர விரும்பி, விரல் வைக்கும் முறையையே மாற்றினார். தாமாகக் கற்ற இருவரும் தத்தம் கருவியை மனிதக் குரலிடம் அழைத்துச் சென்றார்கள். குரலே அவர்கள் செவி வழியே நுழைந்த முதல் ஆசான் என்று நான் கருதுகிறேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறியாக வேண்டும். முதலாவது, பாலச்சந்தருக்கு வாய்த்த சூழ்நிலை எல்லாருக்கும் வாய்ப்பதன்று. இசை மணக்கும் வீடு, ஊக்கும் தந்தை, பாடும் தமையன் ஆகிய இவர்கள் பாடம் நடத்தாத ஆசிரியர்கள். "முயன்றால் யாரும் பாலச்சந்தர் ஆகலாம்" என்று உங்களிடம் சொன்னால் அது முகமன் உரையாகவே முடியும். இரண்டாவது, திருத்துவார் இல்லாதவனிடம் தன் பிழையே வழக்கமாக ஊன்றிவிடும் ஆபத்து உண்டு. தன் கருத்தே முடிவு என்ற பிடிவாதம் வளரவும் கூடும். பாலச்சந்தரும் இசையுலகில் கடுமையான வாதங்கள் பலவற்றை எழுப்பியவர். ஆதலின் நல்லாசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கிடைக்கவில்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இத்தகைய கல்வி புதியதும் அன்று. கடல்தொழிலை நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? வலையில் சிக்கிய மீனைக் கழற்றுவதில் தொடங்குகிறீர்கள். பிறகு கிழிந்த வலையைப் பின்னுகிறீர்கள். பெரியவர்கள் வாடைக் காற்றுக்கு என்ன செய்கிறார்கள், கச்சானுக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் நீங்களே படகைச் செலுத்துகிறீர்கள். கூர்ந்து நோக்குதல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல், பிழைத்தால் மறுபடி முயலுதல் ஆகிய மூன்றும் உங்கள் குருதியில் ஊறியவை. பாலச்சந்தர் வீணையிடம் சென்றதும் இதே வழியில்தான். வலை இழுக்கும்போது முன்னோர் பாடிய அம்பாப் பாட்டில் தாளம் இருந்தது. கோயில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் மணிக்கணக்கில் முழங்குகின்றன. மாங்கனித் திருவிழாவுக்குக் கூடும் நம் ஊரில், செவியைத் திறந்து வைத்தவனுக்குக் கேள்விக்குப் பஞ்சமில்லை.

பாலச்சந்தர் வளர்ந்த காலத்தில் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், அந்த ஒருமுறைக்குள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று கைப்பேசியைத் தொட்டால் ஆயிரம் கச்சேரிகள் வருகின்றன. பாலச்சந்தரின் வாசிப்பையும் மாலியின் குழலையும் இவ்வாறே நீங்கள் கேட்கலாம். ஆனால் ஒன்றை முழுதும் கேட்பதற்குள் அடுத்ததற்குத் தாவும் பழக்கம், கிடைத்த செல்வத்தைக் கடலில் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஓர் இராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திங்கள் அதையே கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் அதன் உருவம் தோன்ற வேண்டும். பிறகு சுருதியை வைத்துக்கொண்டு மெல்லப் பாடிப் பாருங்கள். நீங்கள் பாடியதை அதே கைப்பேசியில் பதிந்து, வித்துவான் பாடியதையும் நீங்கள் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறுபாடு தெரிந்தால் அன்றைய பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள். நாள்தோறும் குறித்த நேரத்தில் அரைமணி போதும். ஒருநாள் தவறினால் உங்களை நீங்களே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் வகுப்பதும் நேரம் குறிப்பதும் தேர்வு வைப்பதும் பிழை திருத்துவதும் ஆசிரியரின் பணிகள். தாமாகக் கற்பவர், மாணவராக இருந்துகொண்டே இந்நான்கு பணிகளையும் தாமே செய்கிறார். ஆதலின் அவர் வேலை மற்றவர்களுடையதைவிட இருமடங்கு கடினமானது. பாலச்சந்தர் அந்த இருமடங்கு உழைப்பையும் மகிழ்ச்சியோடு ஏற்றார். இசைமேல் அவருக்கிருந்த காதலே அதை இயல்வதாக்கியது. உங்களுள் எவருக்கேனும் அத்தகைய காதல் தோன்றியிருந்தால், ஆசிரியர் வரும்வரை காத்திராமல் இன்று மாலையே தொடங்குங்கள்.