வெள்ளம் பறித்த வேலை நாட்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை பிள்ளைகள் படித்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று எண்ணி மகிழ்கிறோம். இன்று எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். அது வெள்ளத்தால் நாம் இழந்த வேலை நாட்களின் கணக்கு.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது, தென்பெண்ணை கரைபுரண்டது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் சமவெளிக்கு இறங்குவதை நாம் அறிவோம். மலைமேல் வாழும் பழங்குடி மக்களுக்குப் பாதை அடைபட்டால் கூலி நின்றுவிடும். கீழே நமக்குக் கழனியில் நீர் நின்றால் நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, கரும்பு வெட்டும் இல்லை.

அரசு நிவாரணம் அறிவித்தது. சேதமுற்ற குடிசைக்கு ரூ.10,000, பாழான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, இறந்த மாட்டுக்கு ரூ.37,500. உழவர் பெற்றதை நாம் குறை கூறவில்லை. அவர்தம் துயரும் பெரிது. ஆயினும் இப்பட்டியல் உடைமையை அளக்கிறது. நிலமும் மாடும் இல்லாதவனுக்கு எஞ்சியது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட ரூ.2,000 மட்டுமே. அவ்வாண்டு நூறு நாள் வேலையின் கூலி நாளொன்றுக்கு ரூ.319. ஆகவே அத்தொகை ஓர் ஆளின் ஆறு நாள் கூலியைச் சற்றே தாண்டியது. வயல் வடிந்து வேலை திரும்ப எத்தனை நாள் ஆயிற்று என்பதை உங்கள் வீட்டு அடுப்பே சொல்லும்.

இழந்த நாளுக்குக் கூலி தர இயலாதா? அண்டை மாநிலம் தந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோது, வாழ்வாதாரம் இழந்த குடும்பத்தில் இருவர்க்கு நாளொன்றுக்குத் தலா ரூ.300 வீதம் 30 நாட்களுக்குக் கேரள அரசு அறிவித்தது. இருவர்க்கும் சேர்த்து ரூ.18,000 ஆகிறது. ஒன்றிய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த பேரிடர் நிவாரண நிதி விதிகளும் இத்தகைய உதவிக்கு இடமளித்தன. ‘அங்கே குடும்பங்கள் சில நூறு, இங்கே பல லட்சம்’ என்பர். உண்மைதான். எல்லோர்க்கும் ஒரே தொகை என்னாமல், வேலை இழந்தவர்க்கு இழந்த நாளளவே தருக என்பதே நம் கோரிக்கை. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு ரூ.8,000 தரும் நம் அரசுக்கு, வேலையற்ற நாளின் மதிப்புத் தெரியாததன்று.

இது இரந்து பெறும் பிச்சையன்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு நமக்களித்த அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு, வேலை, கல்வி ஆகியவற்றோடு வேலையின்மையின்போது பொது உதவி பெறுவதையும் உரிமையாகக் குறிக்கிறது. பொருள்வளத்துக்கு உட்பட்டது என்னும் வரம்பும் அதிலேயே உண்டு. நீதிமன்றத்தின் வழியாக அதனை நேரே வற்புறுத்திப் பெறவும் இயலாது. ஆகவேதான் சட்டம் தேவைப்பட்டது.

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் அதற்கு ஒரு வழி வகுத்தது. வேலை கேட்டு 15 நாட்களுக்குள் கிடைக்காவிடில் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று அது கூறியது. முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்கும், அதன்பின் அரைப் பங்குக்கும் குறையாமல். ரூ.319 கூலிக்கு 30 நாள் கால் பங்கு ரூ.2,392 ஆகிறது. ஒரு குடும்பத்துக்கான வெள்ள நிவாரணத்தைவிட அதுவே மிகுதி! நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? வேலை வேண்டுமென வாயால் சொன்னோம்; தேதியிட்ட ரசீதைப் பெறவில்லை. ரசீது இல்லையேல் 15 நாள் என்று தொடங்கியது, என்று முடிந்தது என்பதற்குச் சான்றில்லை.

2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் 125 நாள் வேலை கூறும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலையின்மைப் படி அதிலும் உண்டு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் பணிகளை நிறுத்திவைக்கவும் அதில் இடமுண்டு. அந்த நாட்களில் புயல் வந்தால் கூலியாளின் கதி என்ன என்பதை நாம் ஓயாமல் கேட்க வேண்டும்.

இளைஞர்களே! இச்சங்கம் உங்கள் கையில் எழுத்தைக் கொடுத்தது. அதை உங்கள் தெருவுக்குத் திருப்பிக் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன் தெருவுக்கு ஒருவர் ஒரு குறிப்பேடு வையுங்கள். யார், எந்த வேலையை, எத்தனை நாள் இழந்தார் என்று எழுதுங்கள். படிக்காத பெற்றோர்க்கு வேலை கேட்கும் மனுவை எழுதிக் கொடுத்து, உடன் சென்று ரசீது வாங்குங்கள். கிராம சபையில் எழுந்து நின்று தீர்மானம் கேளுங்கள். மலைமேல் உள்ள பழங்குடி இளைஞர்களையும் துணை சேருங்கள். மேலே பெய்யும் மழைதான் கீழே நம் வாசலுக்கும் வருகிறது.

அடுத்த வெள்ளத்தை நம்மால் தடுக்க இயலாது. அதில் இழக்கும் நாட்கள் கணக்கில்லாமல் போவதைத் தடுக்க இயலும். அப்பணியை இன்றே தொடங்குவோம்.