புத்தகத்தை மூடிய பிறகுதான் படிப்பு

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் அவர்களது தாய்மாருக்கும் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



1923ஆம் ஆண்டில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் திருகோணமலையில் பெண்பிள்ளைகளுக்கென இப்பாடசாலையைத் தொடக்கி வைத்தார். பெண்பிள்ளை படிக்க வேண்டும் என்பதை இன்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், அளவுக்கு மிஞ்சியும் படிக்கிறார்கள். ஆனால், அத்தனை மணித்தியாலம் படித்தது பரீட்சை மண்டபத்தில் ஏன் கைகொடுப்பதில்லை? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் வைத்தியர்களாகிய எங்களிடம் வரும் மாணவிகள் பலருக்கு ஒரே முறைப்பாடுதான்: தலையிடி, வயிற்றெரிவு, நித்திரையின்மை. விசாரித்தால், காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூஷன், இரவு ஒரு மணி வரை கொப்பி. "எல்லாம் வாசிச்சிட்டன் டொக்டர், ஒண்டும் ஞாபகத்தில நிக்குதில்லை" என்பார்கள். இது சோம்பலும் இல்லை, மூளைக் குறைவும் இல்லை. படிக்கும் முறையில்தான் கோளாறு.

குறிப்பை மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். அது ஞாபகம் அல்ல, பழக்கம். கடைத்தெருவில் தினமும் காணும் முகம் நன்றாகத் தெரியும். பெயரைக் கேட்டால் வாயில் வராது. பரீட்சை கேட்பது பெயரை.

இதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் அவர்களுக்கு நினைவிருந்தது 40 வீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, பிள்ளைகளே.

ஆகவே முதலாவது பழக்கம் இது. ஒரு பகுதியைப் படித்தவுடன் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவிலிருப்பதை எழுதுங்கள். இதயத்தின் குறுக்குவெட்டை வரைந்து பெயரிடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். அந்தச் சிவப்பில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. மஞ்சள் மார்க்கரால் கோடு இழுப்பது மனதுக்குத் திருப்தி தரும்; ஞாபகத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது, இடைவெளி. படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார். மறதி முதல் நாளிலேயே அதிகம். அதனால், இன்று படித்ததை நாளைக்கும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் மீட்டிப் பாருங்கள். ஒரே நாளில் ஆறு மணித்தியாலம் இரசாயனவியலோடு இருப்பதைவிட, ஆறு நாளில் ஒவ்வொரு மணித்தியாலமாக இருப்பது கூடுதலாக நிலைக்கும். நேரம் ஒன்றுதான், பலன் வேறு.

மூன்றாவது, கடந்தகால வினாத்தாள். உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யாமல் அந்த வேகம் வராது. செய்து முடித்ததும் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த வினாக்களை ஒரு தனிக் கொப்பியில் எழுதுங்கள்: தெரியாமல் பிழைத்ததா, வினாவைச் சரியாக வாசிக்காமல் பிழைத்ததா? பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், மாணவர்கள் எந்த வினாவில் சறுக்கினார்கள் என்பதை வினா வினாவாக எழுதியிருக்கிறார்கள். அதை வாசிக்கும் பிள்ளைகள் குறைவு. நீங்கள் வாசியுங்கள்.

இந்தப் பழக்கங்களுக்குப் பணம் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். பாலங்கள் வருமுன், மூதூரிலிருந்து லோஞ்சிலும் கிண்ணியாவிலிருந்து பாதையிலும் கடல் கடந்து பட்டணத்துக்கு வந்து படித்த பிள்ளைகள் இருந்தார்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வாசிப்பதற்கு வெளிச்சம் வேண்டும். வாசித்ததை மனதில் கேட்டுப் பார்க்க வெளிச்சமும் தேவையில்லை, மேசையும் தேவையில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டும், இருட்டில் படுத்துக்கொண்டும் செய்யலாம். ஐந்து ரியூஷனுக்குப் போகும் பிள்ளையோடு, ஒன்றுக்குமே போக வசதியில்லாத மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை போட்டியிடக்கூடிய இடம் இதுதான்.

இனி வைத்தியர்களாகச் சில வார்த்தை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது நித்திரையில். உங்கள் வயதுக்கு எட்டு மணித்தியாலமாவது தேவை. இரவு ஒரு மணி வரை விழித்துப் படிப்பது, உழைத்த கூலியை வாங்காமல் வீட்டுக்குப் போவது போன்றது. காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். எப்போதும் களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் இருந்தால் அதைப் படிப்புக் களைப்பு என்று விட்டுவிடாமல் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். எங்கள் பெண்பிள்ளைகளிடம் இரத்தச்சோகை அரிதல்ல, மருந்தும் உண்டு. மாதவிடாய் வலி கடுமையாக வருபவர்கள் பரீட்சைக்குச் சில மாதம் முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். பழகாத மாத்திரையை முதன்முதலாகப் பரீட்சை நாளில் போட வேண்டாம். தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தாங்களாகவே ஃபார்மசியில் வாங்க வேண்டாம்.

அம்மாமாரே, "படிச்சியா?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்குப் படிச்சதை எனக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் விளங்க வேண்டியதில்லை. விளங்காத ஒருவருக்கு விளங்கவைக்க முயலும்போதுதான் பிள்ளைக்கே தன் ஓட்டை எங்கே என்று தெரியும். பெறுபேறு வந்த பிறகும் இதே பரிவு இருக்கட்டும். இசட் புள்ளியின் நான்காம் தசமத்தில் வாய்ப்புத் தவறும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்லர். வீட்டில் அந்த இரவில் சொல்லப்படும் வார்த்தை வாழ்நாள் முழுவதும் நிற்கும். அழுகை நிற்காமல், சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் நாட்கள் போனால், தாமதிக்காமல் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

கடைசியாக, உலகெங்கும் பரந்திருக்கும் எங்கள் பழைய மாணவிகளுக்கு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து நாங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் அனுப்புகிறோம். அது தொடரட்டும். அதோடு வாரத்தில் ஒரு மணித்தியாலமும் அனுப்புவோம். ஒரு பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, வினாத்தாளில் பத்து வினாக்களைக் கேட்போம். விடை எங்களுக்கு மறந்திருந்தாலும் பரவாயில்லை. புள்ளித்திட்டம் கையில் இருந்தால் போதும். நாங்கள் செய்ய வேண்டியது பொறுமையாகக் கேட்பது மட்டும்தான். தன்னைக் கேட்க ஒரு அக்கா காத்திருக்கிறார் என்று தெரிந்தால், பிள்ளை புத்தகத்தை மூடிப் பார்க்கப் பழகிவிடுவாள். விருப்பமுள்ளவர்கள் இன்றே சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். அடுத்த பரீட்சைக்கு நாட்கள் அதிகமில்லை.