அணைக்கு அடியில் என்ன இருக்கு?

(உரையின் எழுத்து வடிவம்)

நடவு வயலில் கால் வைச்சிருக்கீங்களா? பாரம் இறங்கினதும் சேறு விரலிடுக்கில் பிதுங்கும், இல்லையா? பிரேசிலில் ஓர் அணை உடைந்த கதையும் அதுதான்.

இரும்புத் தாதை அரைத்து, இரும்புச் சத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுவது தண்ணீர் கலந்த மணலும் களிச் சேறும். அதைத் தேக்கி வைப்பதுதான் சுரங்கக் கழிவு அணை. செலவு குறையும் என்பதால், தேங்கிய கழிவின் மேலேயே அடுத்த கரையைக் கட்டி உயர்த்தும் வழக்கம் உண்டு. அடியில் நன்றாக வடிந்த மணல் இருந்தால் தாங்கும். சேறாக இருந்தால்?

மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் ஃபுண்டாவ் அணையில் நடந்ததைப் பாருங்க. அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். அணையின் அடிவடிகால் ஆரம்பத்திலேயே பழுதானது. பிறகு கரையின் ஒரு பகுதியை உள்பக்கமாகத் தள்ளி, சேறு கிடந்த இடத்தின் மேலேயே உயர்த்தினார்கள். பாரம் ஏற ஏற சேறு பிதுங்கியது. மேலே இருந்த ஈர மணல் பிடிப்பை விட்டது. 2015 நவம்பர் 5 அன்று, கெட்டியாகத் தெரிந்த அணை தண்ணீர் போல ஓடியது. 19 பேர் இறந்தார்கள். சேறு டோசி ஆறு வழியாக 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடலில் கலந்தது.

கீழே இருந்த பென்டோ ரோட்ரிகஸ் ஊரில் சைரன் கிடையாது. ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், "ஓடுங்க"ன்னு கத்தினார். பலர் பிழைத்தார்கள். 2019 ஜனவரி 25 அன்று அதே மாநிலத்தில், புருமாதின்யோவில் இன்னொரு கழிவு அணை உடைந்தது. அங்கே சைரன் இருந்தும் ஒலிக்கவில்லை. 270 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு, கழிவின் மேலேயே கரையை உயர்த்தும் முறையை பிரேசில் தடை செய்தது. அந்நாட்டின் தேசிய சுரங்க முகமை, சுரங்க அணைகளின் பட்டியலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கட்டிய முறை என்ன, ஆபத்து எந்த அளவு, அவசர நிலை அறிவிக்கப்பட்டிருக்கா என்பதையெல்லாம் அங்கே ஒருவர் கைபேசியிலேயே பார்க்கலாம்.

மேலே புல் முளைத்து, பச்சையாக, உறுதியாகத்தான் தெரியும். அடியில் இருக்கும் சேறு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அணைக்குக் கீழே குடியிருப்பவர் மூன்று கேள்வி கேட்கணும்: அடியில் என்ன இருக்கு? மழைத் தண்ணீர் எப்படி வடியுது? ஆபத்து வந்தால் எனக்கு யார் சொல்வாங்க, நான் எந்தப் பக்கம் ஓடணும்? இதைக் கேட்க இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. அங்கே குடியிருந்தாலே போதும்.