ஸ்டேண்டை இறக்கி வையுங்கள்

(ஆம்பூரில் மாணவர்கள், இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சுப் பயிற்சின்னதும் குரலை ஏத்தணும், கையை வீசணும்னு நினைச்சு வந்திருப்பீங்க. நான் மைக்கைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

நம்ம தாத்தன் கையில் இருந்தது பறை. மாட்டை உரித்தவன், தோலைப் பதப்படுத்தியவன், அடித்தவன் எல்லாம் நாம். ஆனால் ஊருக்குச் சொன்ன சேதி அவங்களுடையது. 2022 ஆகஸ்டில்தான், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சேதி சொல்லலாம் என்றார். சரி. அந்த வண்டியில் மைக்கைப் பிடிப்பது யார்?

ஊரை மட்டும் கேட்டால் போதுமா? நம்ம மேடையைப் பாருங்க. சில வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு கூட்டம். டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போன தொழிலாளியின் மனைவி பேச வந்திருந்தாங்க. அவங்களுக்கு முன்னால் நாலு பேர் பேசினோம். ஆமாம், நானும் ஒருத்தன். ஆளுக்கு அரை மணி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாகணும். அந்த அம்மாவைக் கூப்பிடும்போது பத்தாக ஏழு நிமிஷம். ஸ்டேண்ட் என் உயரத்துக்கு நிற்குது. மைக் அவங்க நெத்திக்கு மேல. யாரும் இறக்கி விடல. "சத்தமா பேசும்மா"ன்னு பின்னாலிருந்து கத்துறாங்க. முன்வரிசைக்கு மட்டும் ஏதோ கேட்டது. பாதியிலேயே இறங்கிட்டாங்க. முதலாளி செய்த கொடுமை தனி. அன்றைக்கு அவங்க வாயை அடைத்தவர்கள் நாம்.

அதனால் பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும், தலைவர்கள் அப்புறம். கூப்பிடும் ஆளே ஸ்டேண்டை அவர் வாய் உயரத்துக்கு இறக்கி வைக்கணும்.

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி போதும், ஒரு சாணுக்கு மேல் போகாதீங்க. தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் போய்ச் சேரும் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். உடனே மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டுவார், குழாய் 'கூ'ன்னு ஊளையிடும். குழாயில் வரும் சத்தமே திரும்ப மைக்கில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் அந்த ஊளை. குழாயை மேடைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்க்கக் கட்டச் சொல்லுங்க. மைக்கின் வலைத்தலையைப் பொத்திப் பிடிச்சாலும் ஊளை வரும். பாட்டுக் கச்சேரி ஸ்டைல் நமக்கு வேண்டாம். ஊதிப் பார்க்கிறது, தட்டிப் பார்க்கிறதும் வேண்டாம்.

'பஞ்சமி நிலம்'னு சொல்லிப் பாருங்க. அந்த 'ப'வில் வரும் காற்று மோதி மைக் டப்புன்னு வெடிக்கும். நம்ம கோரிக்கையின் முதல் எழுத்தே காதில் விழாது. மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் காற்று விலகிப் போயிடும்.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தெருக்கோடியில், 170 மீட்டர் தள்ளி இன்னொரு குழாய் கட்டியிருந்தால், அங்கே நிற்பவருக்கு மேடைக் குழாயின் சத்தம் அரை விநாடி பிந்தி வந்து விழும். ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். வேகமாப் பேசினால் ஒன்றோடு ஒன்று குழம்பி வெறும் இரைச்சல்தான். சின்ன வாக்கியமாகப் பேசி, நிறுத்தி, அடுத்ததுக்குப் போங்க.

அடுத்துப் பேசப்போறது ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்க்கிற தங்கச்சி. மணி ஏழுகூட ஆகல. இருங்க, ஸ்டேண்டை இறக்கிட்டுப் போறேன்.