திருமங்கலத்துப் பேச்சும் டெல்லி வாக்கும்



மதுரையில் நீதியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் சிலம்பைக் கையில் எடுத்துவிடுவார்கள். எனக்குத் திருமங்கலம் போதும். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

2002 ஜூன் 29. அந்த ஊர்ப் பொதுக்கூட்டத்தில், தடை செய்யப்பட்ட விடுதலைப் புலிகளை ஆதரித்து வைகோ பேசினார். ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பி சென்னை விமான நிலையத்தில் இறங்கியவரைப் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தது ஜெயலலிதா அரசு. வேலூர்ச் சிறையில் 19 மாதம். அப்போது அவர் சிவகாசியின் நாடாளுமன்ற உறுப்பினர்!

அந்தப் பொடா எப்படி வந்தது? மாநிலங்களவை அதைத் தோற்கடித்திருந்தது. ஆதரவு 98, எதிர்ப்பு 113. வாஜ்பாய் அரசு விடவில்லை. அதே ஆண்டு மார்ச் 26 அன்று இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டியது. ஆதரவு 425, எதிர்ப்பு 296. அந்த ஆதரவு அணியில்தான் வைகோவின் கட்சியும் நின்றது. மூன்றரை மாதத்தில் சட்டம் வீடு தேடி வந்துவிட்டது. அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. சட்டம் எழுதும்போது ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறோம்; அதைக் கையில் எடுக்கிற போலீசுக்கு அந்த முகம் தெரியாது. அதற்காகச் சொல்கிறேன்.

2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் வெறுமனே ஆதரித்துப் பேசுவது குற்றமாகாது என்றும் சொன்னது. நல்ல தீர்ப்புதான். அதற்குள் ஒன்றரை வருடம் போயிருந்தது.

வைகோவைப் பார்க்கத் தலைவர்கள் சிறைக்கு வந்தார்கள். நெடுநாள் ஜாமீனே கேட்க மாட்டேன் என்று இருந்தார். அது ஒரு தலைவர் எடுக்கக்கூடிய முடிவு. அதே 2002இல் ஊத்தங்கரைப் பக்கம் நக்சல்கள் என்று பிடித்துப் பொடாவில் போட்டவர்களில் 18 வயது நிரம்பாத ஒரு பையனும் இருந்தான். அவனைப் பார்க்க எந்தக் கட்சித் தலைவர் போனார்?

பொடாவை 2004இல் ஒழித்தார்கள். கைதட்ட வேண்டாம். மும்பைத் தாக்குதல் நடந்த மூன்றே வாரத்தில், 2008 டிசம்பரில், மன்மோகன் சிங் அரசு உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. இரண்டே நாளில் இரு அவைகளும் முடித்துவிட்டன. ஜூனியர் வழக்கறிஞர்கள் 43டி(5) பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். போலீஸ் தரும் காகிதத்தைப் பார்த்து, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மைபோல் தெரிந்தால் ஜாமீன் கிடையாது. பொடாவிலாவது ஒரு வருடம் கழிந்தால் இந்தப் பூட்டு தளரும். இதில் அதுவும் இல்லை. 2019இல் ஓர் அமைப்பை மட்டுமல்ல, தனி ஆளையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்று சேர்த்தார்கள். அதற்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. மாநிலங்களவையில் ஆதரவு 147, எதிர்ப்பு 42.

நம் திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டேன் சுவாமி பாதிரியார் இந்தச் சட்டத்தில்தான் உள்ளே போனார். அப்போது 83 வயது, நடுக்குவாதம். 2021 ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியைத்தான் மருத்துவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மீதான வழக்கின் விசாரணையே தொடங்கவில்லை.

குண்டு வைக்கிறவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் 1998இல் குண்டுவெடிப்பில் செத்தவர்களின் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். குற்றவாளியைப் பிடித்து, சாட்சியை நிறுத்தி, சீக்கிரம் விசாரித்துத் தண்டியுங்கள் என்றுதான் அவர்களும் கேட்பார்கள்.

இந்தச் சட்டங்களுக்கு டெல்லியில் ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்கள்தான். உங்கள் எம்.பி. கல்யாணத்துக்கு வருகிறார், காதுகுத்துக்கு வருகிறார். அடுத்த முறை மாலை போட்ட கையோடு கேளுங்கள்: ‘அண்ணே, இந்த மாதிரி மசோதாவுக்கு நீங்க எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்க?’