கிழங்கு கழுவிய குரங்கு

விலங்கின் செயலெல்லாம் பிறவிக் குணமே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் கியூஷுவை அடுத்துள்ள கோஷிமா என்னும் சிறு தீவு இக்கருத்தைத் திருத்துகிறது.

அங்குள்ள குரங்குகளை ஆராய்ந்த அறிஞர்கள், 1952ஆம் ஆண்டு முதல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை இட்டுவந்தனர். குரங்குகள் மண்ணைக் கையால் துடைத்துவிட்டுத் தின்றன. 1953இல் ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று கிழங்கை ஓடைநீரில் கழுவித் தின்றது. அதற்கு இமோ என்று பெயரிட்டிருந்தனர். கிழங்கு என்பதே அதன் பொருள்.

விளையாட்டுத் தோழர்களும் தாயும் அருகிருந்து கண்டும், தாமே முயன்றும் அதைக் கற்றன. 1958இல், 2 முதல் 7 வயது வரையுள்ள 19 குரங்குகளில் 15 கழுவக் கற்றிருந்தன. மூத்த 11 குரங்குகளிலோ இரண்டே கற்றிருந்தன; இரண்டும் பெண்களே. மூத்த ஆண்கள் குட்டிகளோடு அதிகம் பழகுவதில்லை. கற்காமைக்கு அதுவே காரணம் என்று அறிஞர்கள் கருதினர்.

பின்னர்ப் பிறந்த குட்டிகள், தாய் கழுவுவதைக் கண்டே வளர்ந்தன. குருதியில் வாராத பழக்கம் இவ்வாறு குலவழக்கமாயிற்று.

நம் வீடுகளிலும் புதியதை முதலிற் கைக்கொள்பவர் பெரும்பாலும் சிறுவரே. அவரருகே சற்று அமர்ந்திருப்பது முதியோர்க்கு இழுக்கன்று.